ஐந்து நட்டும் ஒரு சாவியும்

சாலையோரத்தில் யாராவது கார் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தால் என்னால் சும்மா கடந்து போக முடியாது. நின்று பார்ப்பேன். ஒரு நட்டை முழுக்க முறுக்கிவிட்டுப் பக்கத்து நட்டுக்குக் கை போனால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "எதிர்ப்பக்கம் போங்க" என்று சொல்லிவிடுவேன். புடவை கட்டிய நரைத்தலைக்காரி ஒருத்தி நட்டு முறுக்கப் பாடம் எடுக்கிறாளே என்று முறைத்தவர்கள் உண்டு. ஒருவர், "நீங்க போங்கம்மா, எங்களுக்குத் தெரியும்" என்றார். அவருக்குத் தெரியாது. நான் நகரவே இல்லை. கடைசியில் என் தொல்லை தாங்காமல் அவர் எதிர்ப்பக்கம் போனார்.

இந்தப் பித்து எனக்குப் பிறவியிலேயே வந்ததல்ல. முப்பத்தெட்டு வயதுவரை ஒரு கார் சக்கரத்தில் எத்தனை நட்டு என்று கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவு வீட்டு மருமகள் நான். காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுவது, சமைப்பது, கணவரின் தறிக்கு ஊடை நூலைத் தாராகச் சுற்றிக் கொடுப்பது. இதில் சக்கரத்துக்கு எங்கே இடம்?

பெங்களூர் சாலையை நான்கு வழியாக்குகிறேன் என்று இருபக்கமும் தோண்டிப் போட்டிருந்த காலம் அது. தாமலில் தனியாக இருந்த என் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஆபரேஷன் செய்து உள்ளே கம்பி வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார். வாரத்தில் இரண்டு நாள் பிசியோதெரபி, குறைந்தது நான்கு மாதம். நடுவில் விட்டால் கால் இறுகிவிடும். இறுகிவிட்டால் வாக்கரோடுதான் மீதி வாழ்க்கை.

பிசியோதெரபி செய்யும் இடம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. அம்மா எங்களோடு வந்து தங்கியிருந்தால் எந்தப் பிரச்சினையும் இல்லை. அவள் தங்க மாட்டாள். "பொண்ணக் குடுத்த வூட்ல போயி படுத்துக்கினு சோறு தின்னச் சொல்றியா" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். என் கணவரே நேரில் போய்க் கூப்பிட்டுப் பார்த்தார். "உங்க மனசு பெரிசு மாப்பிள்ள. ஆனா அது நடக்காது" என்று முடித்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டில் ஒரு வாய் காபிக்கு மேல் எதையும் தொடாதவள் அவள். இடுப்பு உடைந்ததற்காகக் கொள்கையை உடைத்துக்கொள்வாளா?

பஸ்ஸில் ஏற்ற முடியாது. முதல் இரண்டு வாரம் வாடகை கார் பேசினோம். அம்மா ஏறி உட்கார ஐந்து நிமிஷம் ஆகும். அந்த டிரைவர் அதற்கே உச்சுக்கொட்டுவார். ஒரு வியாழக்கிழமை அவர் வரவே இல்லை. அடுத்த திங்கட்கிழமை அம்மாவின் காலை நீட்டி மடக்கியபோது அவள் அழுத அழுகையை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். அன்றைக்கே முடிவு செய்தேன், வண்டியை நானே ஓட்டுவது என்று.

வண்டி இருந்தது. என் மாமனார் காலத்தில் புடவை மூட்டைகளை மெட்ராசுக்குக் கொண்டுபோக வாங்கிய பழைய கார். அந்தக் காலத்து டாக்சிகளைப் போல மூக்கு உருண்ட வண்டி. அவர் போனபிறகு தறிக்கொட்டகைக்குப் பக்கத்தில் உறை போர்த்திக்கொண்டு சும்மா நின்றது. என் கணவர் இளம்வயதில் ஒருமுறை அதை ஓட்டக் கற்றுக்கொள்ளப்போய்த் தேரடிச் சாக்கடையில் இறக்கினார். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. தறியில் உட்கார்ந்தால் ராஜா. தறியை விட்டு எழுந்தால் எதிரே மாடு வந்தாலும் ஒதுங்கி நிற்கும் மனுஷன்.

உச்சுக்கொட்டும் டிரைவரையே இன்னும் ஒரு மாதம் பொறுத்துக்கொண்டு, நான் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். அங்கே இருந்த மாஸ்டர் வெற்றிலையைக் குதப்பியபடி, சொல்லிக்கொடுத்ததைவிட அதிகம் திட்டினார். ஆனால் ஒவ்வொருவரையும் ஒரு தடவையாவது சக்கரம் கழற்றி மாட்ட வைத்தார். "எதிர் எதிரா முறுக்கணும் மேடம். சக்கரம் தூக்கி இருக்கறப்ப பாதி, தரையில எறக்கிட்டு மீதி" என்றார். அவருடைய வண்டிச் சக்கரத்தில் நான்கு நட்டு. எதிரும் எதிரும் சுலபமாகத் தெரிந்தது. நான் அரைக் காதில் வாங்கிக்கொண்டேன்.

கணவரிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. தறிக்குழியில் உட்கார்ந்தபடியே, ஊடை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்தார்.

"வண்டிய நீ ஓட்டு. சக்கரம், காத்து, நட்டு, அதெல்லாம் நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு. வழியில ஒரு தடவ நின்னுச்சுன்னா சாவி சாமி ரூமுக்குப் போயிடும். அப்புறம் நீ கேக்கக் கூடாது."

"நின்னா என்னவாம்?"

"லாரி போற ரோடும்மா அது. இடுப்பு ஒடஞ்சவங்கள வச்சிக்கினு நடுவுல நிப்பியா?"

அவர் பயந்தாங்கொள்ளி. பயத்தைப் பயம் என்று சொல்லாமல் சட்டம் போட்டு மூடுவார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அது எனக்குத் தெரியாதா? ஆனாலும் அவர் சாமி ரூமில் வைத்துவிட்டார் என்றால் வைத்ததுதான், அதை எடுக்க அவராலேயே முடியாது. சாவி அங்கே போனால் அம்மா நடக்க மாட்டாள். சரி என்றேன்.

ஒரு மாதம் ஒழுங்காகப் போனது. திங்கள், வியாழன் காலை எட்டரைக்குக் கிளம்பி, தாமல் போய் அம்மாவை ஏற்றி, பத்து மணிக்குள் பெரிய காஞ்சிபுரம் வந்துவிடுவேன். சிகிச்சை முடிந்ததும் மறுபடியும் தாமல். தெருவில் என்னை வேடிக்கை பார்த்தவர்கள் இரண்டாவது வாரத்திலேயே அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

பிறகு ஒரு வியாழக்கிழமை காலை, முன்பக்கத்து இடது சக்கரம் தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். "நீ வேலயப் பாரு, நான் ஸ்டெப்னி மாட்டிடறேன்" என்று அவர் இறங்கினார்.

அதற்கு முந்தின இரண்டு நாளும் அவர் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். தறியில் முடிந்துபோன பாவின் நுனியோடு புதுப் பாவை இழை இழையாக முறுக்கிச் சேர்க்கும் வேலை. ஆயிரக்கணக்கான இழை. ஒரு ஓரத்தில் ஆரம்பித்து மறு ஓரம்வரை, ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்தது. ஓர் இழை தாண்டினால் புடவை முழுக்க அந்தத் தப்பு கோடாக ஓடும். கிட்டத்தட்ட முப்பது வருஷமாக அப்படிப் பழகிய கை அது.

அந்தக் கைதான் சக்கரத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. வண்டி ஜாக்கியின் மேல் இருந்தது. அவர் மேல் நட்டில் ஸ்பேனரை மாட்டி, மூச்சு முட்டும்வரை முறுக்கினார். சக்கரம் சுற்றாமல் முழங்காலால் முட்டுக்கொடுத்துக்கொண்டார். பிறகு அதற்கு வலப்பக்கத்து நட்டு. அதையும் மூச்சு முட்டும்வரை. பிறகு அதற்கடுத்தது. கோயிலைச் சுற்றுவதுபோல வலமாக ஒரு சுற்று வந்து முடித்தார்.

நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "எதிர் எதிரா முறுக்கச் சொன்னாரு மாஸ்டர்" என்றேன்.

"அஞ்சு நட்டுல ஏதும்மா எதிரு?"

நல்ல கேள்வி. எங்கள் வண்டியில் ஐந்து. எதற்கும் எதிரே எதுவும் இல்லை.

"ஒண்ண முடிக்காம இன்னொண்ணுக்குத் தாவினா எது முடிஞ்சுது, எது முடியலன்னு எப்படித் தெரியும்? வரிசையாப் போனாத்தான் விட்டுப்போவாது" என்று சொல்லிக்கொண்டே சக்கரத்து மூடியை உள்ளங்கையால் தட்டிப் பொருத்தினார்.

மணி எட்டரையைத் தாண்டியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு நடந்ததில் என் பங்கு இந்த வாய் மூடல்தான். மற்ற நாளெல்லாம் வாய் ஓயாதவள், பேச வேண்டிய நாளில் பேசவில்லை.

போகும்போது எதுவும் தெரியவில்லை. திரும்பும்போது, அம்மா பின் சீட்டில் இருக்க, தாமல் ஏரிக்கரையில் வண்டி ஏறியதும் ஒரு சத்தம் ஆரம்பித்தது. உண்டியலைக் குலுக்குவதுபோல. வேகம் குறைத்தால் சத்தமும் குறைந்தது. ஸ்டியரிங் என் கையில் சன்னமாக நடுங்கியது.

"இன்னாடி அது, சில்லறை குலுங்குது?" என்றாள் அம்மா.

கரையோரம் நிறுத்தினேன். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பி மூடியைக் கழற்றியதும் ஒரு நட்டு உருண்டு என் காலடியில் விழுந்தது. உண்டியலுக்குள் கிடந்தது அதுதான். இன்னும் இரண்டு நட்டு விரலாலேயே திரும்பின. மீதி இரண்டும் கல்லாக இறுகியிருந்தன. அது ஏன் என்று பிற்பாடு மாஸ்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் நட்டை ஒரேயடியாக இறுக்கியதும் சக்கரம் அந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. மற்ற நட்டுகள் சாய்ந்த சக்கரத்தைப் பிடித்து, கைக்கு இறுகினதுபோல ஏமாற்றின. ஓட ஓடச் சக்கரம் தன் இடத்துக்கு வந்து உட்கார, அவை பிடிமானம் இல்லாமல் தொங்கிவிட்டன.

அந்த நேரத்தில் இதெல்லாம் தெரியாது. பயம்தான் தெரிந்தது. ஒரு பக்கம் ஏரி, முகம் முட்டத் தண்ணீர். கண்ணாடி வழியாக அம்மாவின் தலை தெரிந்தது. எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். அவர்மேல் கோபம் வந்தது. அவரைவிட என்மேல் அதிகம் வந்தது.

ஜாக்கி வைக்க வேண்டுமானால் அம்மா இறங்க வேண்டும். தாழ்வாக எதிலும் அவளை உட்கார வைக்கக் கூடாது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நிற்கத்தான் வேண்டும். சிகிச்சையில் அதுவரை அவள் நின்றது அதிகபட்சம் மூன்று நிமிஷம்.

"நான் நிக்கறேன். நீ உன் வேலயப் பாரு" என்றாள்.

மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். இறுகியிருந்த இரண்டையும் தளர்த்திவிட்டு ஜாக்கியை ஏற்றினேன். விழுந்த நட்டில் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்து, ஐந்தையும் விரலால் திருகி வைத்தேன். அதற்குமேல் கை நின்றுவிட்டது. ஐந்தில் ஏது எதிர்?

ஐந்து போல்ட்டையும் பார்த்துக்கொண்டே குந்தியிருந்தேன். ஐந்து புள்ளி. தினமும் காலையில் வாசலில் நான் வைக்கிற புள்ளி. கையை எடுக்காமல் இழுக்கிற ஐந்து முனை நட்சத்திரம். மேல் புள்ளியிலிருந்து பக்கத்துப் புள்ளிக்கு யாரும் போக மாட்டார்கள், அதைத் தாண்டி அடுத்ததற்குத்தான் கோடு போகும். அங்கிருந்து மறுபடியும் ஒன்று தாண்டி. அப்படியே ஐந்தையும் தொட்டுக்கொண்டு கிளம்பின இடத்துக்கே வந்துவிடும். ஒன்றுகூட விட்டுப்போகாது. டயரில் படிந்திருந்த புழுதியில் விரலால் வரைந்து பார்த்தேன்.

"சக்கரத்துல எதுக்குடி கோலம் போடற?" என்றாள் அம்மா, நின்ற இடத்திலிருந்தே.

"வழி பாக்கறேம்மா."

அந்த வரிசையில் ஒவ்வொன்றையும் பாதி முறுக்கினேன். வண்டியை இறக்கிவிட்டு அதே வரிசையில் இன்னொரு சுற்று, முழுக்க. ஸ்பேனர்மேல் ஏறி மிதிக்க வேண்டும்போல ஆத்திரமாக வந்தது. கால் வைத்து மிதித்தால் போல்ட்டே முறுகி உடைந்துவிடும், கை பலம் போதும் என்று மாஸ்டர் திட்டியது ஞாபகம் வந்தது. கையாலேயே இழுத்தேன், அதற்குமேல் போகாத இடத்தில் விட்டேன்.

எழுந்து கடிகாரத்தைப் பார்த்தபோது அம்மா பதினான்கு நிமிஷம் நின்றிருந்தாள். முட்டி இரண்டும் வெடவெடவென்று ஆடின. முகத்தில் சிரிப்பு. "தெரபி பண்ற அந்தப் புள்ளாண்டான் கிட்டச் சொல்லு, மூணு நிமிஷமாம் மூணு நிமிஷம்" என்றாள். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மாப்பிள்ள கிட்ட வாயத் தொறக்காத. சாவி போயிடும்."

நான் திறக்காமல் இருந்திருக்கலாம், அல்லது முழுக்கத் திறந்திருக்கலாம். இரண்டும் இல்லாமல் பாதி திறந்தேன். சாப்பாடு போடும்போது, "சக்கரம் லேசா ஆடின மாதிரி இருந்திச்சு" என்றேன்.

அவர் கை தட்டிலேயே நின்றது. "வண்டி நின்னுச்சா?"

"இல்ல."

அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை விடியும்போது வாசலில் ஜாக்கிச் சத்தம். அந்தச் சக்கரத்தின் ஐந்து நட்டையும் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெய்ததில் தப்பு வந்தால் அதுவரை பிரித்துவிட்டு முதலிலிருந்து நெய்வது அவர் தொழில் வழக்கம். இங்கேயும் அதையேதான் செய்தார். முதலிலிருந்து, மேல் நட்டில் தொடங்கி, வலமாக, வரிசையாக, மூச்சு முட்ட. முன்னைவிட இன்னும் சிரத்தையாக. முடித்துவிட்டு, "இன்னிக்கு ஆடாது, தைரியமாப் போ" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்து என்ன சொல்வேன்? தப்பு என்று சொன்னால் எப்படித் தெரியும் என்பார். எப்படித் தெரியும் என்றால் வண்டி நின்றது தெரிந்துவிடும்.

ஊரைத் தாண்டினதும் சாலையோரம் ஒரு புளியமரம் இருந்தது. சாலை வேலைக்கு இன்னும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். அங்கே நிறுத்தி, ஜாக்கி போட்டு, ஐந்தையும் தளர்த்தி, நட்சத்திரம் போட்டு முறுக்கிக்கொண்டு போனேன். மறுபடியும் ஆடிவிடுமோ என்ற பயத்தில் வியாழக்கிழமையும் அவர் விடியலில் பிரித்து மாட்டினார். வியாழக்கிழமையும் நான் புளியமரத்தடியில் பிரித்து மாட்டினேன். சாலையைத் தோண்டியிருக்கிறார்கள், சுற்றிப் போக வேண்டியிருக்கிறது என்று வீட்டில் பொய் சொல்லிக் கால்மணி முன்னதாகக் கிளம்புவேன். இப்படி ஐந்து வாரம்.

அங்கே ஆடு மேய்க்கும் ஒரு அம்மாள் என்னைக் கவனித்துக்கொண்டே இருந்தாள். நாலாவது தடவை பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள். "போன தபாதான் மாட்டிக்கினு போன. மறுபடியும் கழட்டறியே, உன் வண்டிக்கு இன்னாம்மா சீக்கு?"

"வண்டிக்கு ஒண்ணும் இல்லம்மா. ஓட்டறவளுக்குத்தான்" என்றேன்.

அம்மா தேறிக்கொண்டு வந்தாள். வாக்கரோடு உள்ளறையிலிருந்து வாசல்வரை வந்தாள். இன்னும் ஆறேழு வாரம் விடாமல் செய்தால் வாக்கரை விட்டுப் பார்க்கலாம் என்று தெரபி செய்யும் பையன் சொன்னான். எனக்கு அந்த ஆறேழு வாரம்தான் வேண்டும். அதுவரை பொய் சொல்லத் தயாராக இருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை அவர் சக்கரத்தை முறுக்கி முடித்துக் கைகழுவிவிட்டு, வெளுத்த சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். "நானும் வரேன். அத்தையப் பாத்து நாளாச்சு" என்றார். தறி வேலை நடக்கிற நாளில் அவர் வெளியே கிளம்புவதே இல்லை. ஏன் என்று கேட்கப் பயமாக இருந்தது.

ஊரைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக்கினேன். நிறுத்தாமல் போனால் அவரும், திரும்பும்போது அம்மாவும் உட்காரும் வண்டியில் அந்தச் சக்கரம் ஓடும். நிறுத்தினால் சாவி போகும். புளியமரம் வந்தது. நிறுத்தினேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இங்கதான் நிப்பியாமே" என்றார்.

அவருக்குத் தெரிந்த நெசவுக்காரர் ஒருவர் மொபெட்டில் போகும்போது இரண்டு தடவை என்னைப் பார்த்திருக்கிறார். உன் வீட்டம்மா வண்டி புளியமரத்தடியில் ரிப்பேராகி நிற்கிறது என்று சொல்லியிருக்கிறார். வண்டி படுத்துவதை நான் மறைக்கிறேன் என்று நினைத்துத்தான் இவர் வந்திருக்கிறார்.

"வண்டி நிக்கல. நான்தான் நிறுத்தறேன்" என்றேன். சாவியைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தேன். "இந்தாங்க. ஏரிக்கரையில ஒரு தடவ, இங்க பத்து தடவ. எல்லாத்துக்கும் சேத்து வச்சிக்குங்க. இப்ப எறங்கி வாங்க."

மூடியைக் கழற்றி ஸ்பேனரை அவரிடம் கொடுத்தேன். காலையில் அவர் மூச்சுப் பிடித்து முறுக்கியவற்றில் இரண்டு, மணிக்கட்டு அசைவுக்கே திரும்பின. நாலு கிலோமீட்டர்தான் வந்திருந்தோம். அவர் அந்த இரண்டையும் மாறி மாறித் தொட்டார். முகம் வெளுத்துவிட்டது. எனக்கு அதுவரை இருந்த கோபமெல்லாம் போய் அவர்மேல் பாவமாக வந்தது.

"ஏரிக்கரையில என்னா ஆச்சு?"

சொன்னேன். நட்டு கழன்று விழுந்தது, அம்மா பதினான்கு நிமிஷம் நின்றது, எல்லாம். டயர்ப் புழுதியில் நட்சத்திரத்தை வரைந்து காட்டினேன். அவர் எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு அந்த வரிசையில் முறுக்கப் பார்த்தார். மேல் நட்டு ஆனதும் கை தானாகப் பக்கத்து நட்டுக்குப் போயிற்று. திருத்திக்கொண்டார். மறுபடியும் பக்கத்துக்கே போயிற்று.

"என் கை தாண்ட மாட்டேங்குதும்மா" என்றார்.

நான் வாங்கி முறுக்கினேன். முடிந்ததும், "அம்மா காத்துக்கினு இருப்பாங்க" என்றேன். சாவியைத் தந்தார். அம்மா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் கையை நீட்டினார். நான் சாவியை எடுத்து அதில் வைத்தேன்.

அம்மா கதவருகில் வாக்கரோடு தயாராக நின்றிருந்தாள். மாப்பிள்ளை இறங்குவதைப் பார்த்தாள். அவர் கையிலிருந்த சாவியையும் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். வாக்கரைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். கதவை ஒரு கையால் பிடித்து, பிறகு அதையும் விட்டுவிட்டு, வாசலில் கால் வைத்தாள். கதவுக்கும் கேட்டுக்கும் நடுவே ஒன்பது எட்டு. இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டு, ஆடி ஆடி, ஒன்பதையும் நடந்து கேட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பாருங்க மாப்பிள்ள, நடக்கறேன்" என்றாள். மேல்மூச்சு வாங்கியது. "இன்னும் கொஞ்ச நாளுதான். அவ கிட்டருந்து சாவிய மட்டும் வாங்கிடாதீங்க."

அவர் ஓடிப்போய் அவள் தோளைத் தாங்கிக்கொண்டார். பதினாறு வருஷத்தில் அவர் அவளைத் தொட்டது அன்றைக்குத்தான். "வாங்கல அத்த. சும்மா கையில புடிச்சிக்கினு வந்தேன்" என்றார். என்னைப் பார்க்காமலே சாவியை என் பக்கம் நீட்டினார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நடுத்தெருவில் நின்று அழுகிறோமே என்று அப்போது தோன்றவில்லை.

அன்றைக்கு வீடு திரும்பியதும் அவர் வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து வீல் ஸ்பேனரை எடுத்தார். துணியால் துடைத்து, சாமி ரூமில் அவருடைய அப்பா தறியில் ஓட்டிய நாடாவை வைத்திருக்கும் பலகையில் அதற்குப் பக்கத்தில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை வாசலில் ஜாக்கிச் சத்தம் கேட்கவில்லை. நான் கோலம் போட்டு முடித்து எழுந்தபோது, சாமி ரூமில் வைத்ததை எடுக்கவே மாட்டாத அவர், அந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். தறியில் உட்காரும்முன் நாடாவை ஒற்றிக்கொள்வதுபோல அதைக் கண்ணில் ஒற்றி, என் கையில் கொடுத்தார்.

"இனிமே நீ முறுக்கு" என்றார். பிறகு சக்கரத்துக்கு முன்னால், அவர் வழக்கமாக உட்காரும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, குந்தி உட்கார்ந்துகொண்டார். "எந்த வரிசைன்னு நான் பாத்துக்கினு இருக்கேன்."